தவறான விடையின் மதிப்பு
உயர்கல்வியில் கணினிவழித் தேர்வு வினாக்களை அமைத்தல் குறித்து

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பமிட்ட வடிவம்)



பாடத்திட்டத்தைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். கற்பிக்கும் முறைகளைப் பற்றிக் கருத்தரங்குகள் நடத்துகிறோம். வினாத்தாளை மட்டும் முத்திரையிட்ட உறைக்குள் நடக்கும் அலுவலக வேலையாக விட்டுவிட்டோம். ஆனால் ஒரு மாணவர் இன்றிரவு எந்தப் பக்கத்தைப் படிப்பார், எந்தப் பக்கத்தைத் தள்ளுவார் என்பதை முடிவு செய்வது சென்ற ஆண்டு வினாத்தாள்தான். அதனால் இந்த மேடையை வினாக்களுக்காகப் பயன்படுத்திக்கொள்ள அனுமதி கேட்டேன். அறக்கட்டளையினர் அன்போடு ஒப்புக்கொண்டார்கள்.

நான் இயற்பியல் கற்பித்தவன். என் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் அந்தத் துறையிலிருந்து வரும். மற்றத் துறையினர் தங்கள் பாடத்துக்கு மாற்றி எண்ணிக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன்.

இன்று நான் சொல்ல வந்தது ஒன்றே. கணினிவழித் தேர்வில் ஒரு வினாவின் தரத்தை அதன் தவறான விடைகளே முடிவு செய்கின்றன. அந்தத் தவறான விடைகளை ஆசிரியர் கற்பனையால் இட்டு நிரப்பக் கூடாது. மாணவர்கள் உண்மையிலேயே செய்யும் தவறுகளிலிருந்து எடுக்க வேண்டும். தவறுகளைச் சேகரிக்கவும் எண்ணவும் கணினி நமக்கு வழி திறந்திருக்கிறது. நாமோ தாளில் இருந்ததை அப்படியே திரைக்கு மாற்றிவிட்டு, தேர்வு நவீனமாகிவிட்டது என்று நிறைவடைகிறோம்.

1. திருத்தும் வசதிக்காகப் பிறந்த வடிவம்

கொள்குறி வினாவின் வரலாற்றை 1910-களின் நடுவில் அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்தில் ஃபிரெடெரிக் கெல்லி தயாரித்த மௌன வாசிப்புத் தேர்விலிருந்து தொடங்குவது வழக்கம். ஒரே விடைக்கு ஆசிரியருக்கு ஆசிரியர் மதிப்பெண் மாறுகிறது, திருத்த நேரமும் போதவில்லை என்ற இரண்டு குறைகளையும் அவர் தீர்க்க விரும்பினார். 1917-இல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியபோது ராபர்ட் யெர்க்ஸ் தலைமையில் உளவியலாளர்கள் படைவீரர்களைத் தரம் பிரிக்கத் தேர்வுகள் வகுத்தார்கள். சுமார் 17 லட்சம் பேர் அவற்றை எழுதினார்கள். பிறகு மிச்சிகன் மாநிலப் பள்ளி ஆசிரியர் ரெனால்ட் ஜான்சன், பென்சில் கோட்டிலுள்ள கிராஃபைட் வழியே மின்சாரம் பாயும் என்பதை வைத்து விடைத்தாள் திருத்தும் கருவி ஒன்றைச் செய்தார். ஐபிஎம் அவரை வேலைக்கு அமர்த்தி, 1938-இல் ‘805’ என்ற இயந்திரமாக அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

இந்த மூன்று கட்டங்களிலும் கவலை ஒன்றுதான்: எப்படி விரைவாக, ஒரே மாதிரி திருத்துவது? இயந்திரத்துக்குச் சரியான கட்டம் எது என்று தெரிந்தால் போதும். மற்றவை எல்லாம் சுழியம். அந்தப் பழக்கம் வினா எழுதுவோரின் கைக்கும் வந்துவிட்டது. சரியான விடையை முதலில் எழுதிவிட்டு, இடத்தை நிரப்ப இன்னும் மூன்றைத் தேடுகிறோம். 2020 செப்டம்பரில் இறுதியாண்டுத் தேர்வுகளை இணையவழியில் நடத்த வேண்டி வந்தபோது பல இடங்களில் வினா வங்கிகள் சில வாரங்களில் நிரம்பின. அப்படி நிரப்பியவை பல இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன.

2. தவறுகளைக் கேட்டு வாங்கியவர்கள்

அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இப்ராஹிம் ஹலூன், டேவிட் ஹெஸ்டனஸ் இருவரும் 1985-இல் ஒரு இயந்திரவியல் தேர்வை வெளியிட்டார்கள். அதை உருவாக்கிய முறைதான் இன்றைய பேச்சின் நடுப்புள்ளி. முதலில் அவர்கள் தெரிவுகளே தரவில்லை. வினாவை மட்டும் கொடுத்து, மாணவர்களைத் தம் சொற்களில் எழுதச் சொன்னார்கள். வந்த விடைகளில் திரும்பத் திரும்பத் தலைகாட்டிய தவறான எண்ணங்களைப் பிரித்தெடுத்தார்கள். அந்த எண்ணங்களே பிந்தைய வடிவத்தில் தெரிவுகளாயின. இதன் வழிவந்ததே 1992-இல் ஹெஸ்டனஸ், வெல்ஸ், ஸ்வாக்ஹாமர் மூவரும் வெளியிட்ட விசைக் கருத்துத் தேர்வு. இன்று வழங்கும் வடிவில் 30 வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து தெரிவுகள். கணக்குப் போட வேண்டிய வினா ஒன்றுகூட இல்லை.

அதில் கனமான வண்டியும் சிறிய காரும் நேருக்கு நேர் மோதும் ஒரு வினா உண்டு. நம் ஊருக்கு ஏற்ப லாரி, ஆட்டோ என்று வைத்துக்கொள்வோம். எது எதன்மீது அதிக விசை செலுத்துகிறது? இரண்டும் சமமான விசையையே செலுத்துகின்றன என்பது நியூட்டனின் மூன்றாம் விதி. பிளஸ் டூ முடித்த எல்லோரும் அந்த விதியை ஒப்பிப்பார்கள். ஆனால் லாரிதான் அதிக விசை செலுத்துகிறது என்ற தெரிவைக் கண்டதும் பலரின் கை அங்கே போகிறது. இன்னொரு தெரிவு அதைவிட நுட்பமானது: யாரும் யார்மீதும் விசை செலுத்தவில்லை, ஆட்டோ வழியில் நின்றதால் நசுங்கியது என்ற பொருளில் அமைந்தது. எந்தப் பேராசிரியரும் மேசையில் உட்கார்ந்து இப்படி ஒரு விடையைக் கற்பனை செய்திருக்க முடியாது. விசை என்பது உயிருள்ளதோ இயங்குவதோ செய்யும் செயல் என்று நம்பும் ஒருவரின் மனத்திலிருந்து அது வந்தது. அதைத் தேர்ந்தெடுக்கும் மாணவருக்கு மூன்றாம் விதியை மீண்டும் கற்பிப்பதால் பயன் இல்லை. விசை என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும். ஒரே வினாவில் இரண்டு தவறான விடைகள், ஆசிரியருக்கு இரண்டு வேறு வேலைகளைக் காட்டுகின்றன.

ஹார்வர்டில் எரிக் மஸூர் இந்த ஆய்வைப் படித்து, தம் மாணவர்கள் இதில் எளிதாகத் தேறிவிடுவார்கள் என்று எண்ணித் தேர்வு வைத்தார். ஒரு மாணவி கேட்டாராம்: நீங்கள் கற்பித்தபடி எழுதவா, நான் உண்மையில் நினைப்பதை எழுதவா? தாம் நடத்திய பாடமும் மாணவர் மனமும் இரண்டு தனித் தடங்களில் ஓடியதை மஸூர் அன்று கண்டுகொண்டார். சக மாணவரோடு விவாதித்துக் கற்கும் அவருடைய முறை அதிலிருந்து பிறந்தது. 1998-இல் ரிச்சர்ட் ஹேக் 62 பாடவகுப்புகளில் 6,542 மாணவர்களின் தரவைத் தொகுத்து, வழக்கமான விரிவுரை வகுப்புகளில் மாணவர்கள் எட்டக்கூடிய முன்னேற்றத்தில் சராசரியாக 23 விழுக்காட்டையும், பங்கேற்று விவாதிக்கும் வகுப்புகளில் 48 விழுக்காட்டையும் எட்டியதாகக் காட்டினார். அவருடைய அளவுகோல் விசைக் கருத்துத் தேர்வும் அதற்கு முன்னோடியான 1985 தேர்வும்தான். இயற்பியல் கற்பிக்கும் முறையே மாறக் காரணமாகும் அளவுக்கு ஒரு கொள்குறித் தேர்வுக்கு வலு இருந்தது. அந்த வலு அதன் தவறான விடைகளிலிருந்து வந்தது.

3. ஒரு நியாயமான அச்சம்

கவர்ச்சியான தவறுகளை மாணவர் கண்முன் வைத்தால் அவர் அவற்றையே கற்றுக்கொண்டு போகமாட்டாரா? இந்த அச்சம் ஆதாரமுள்ளது. ஹென்றி ரோடிகர், எலிசபெத் மார்ஷ் இருவரும் 2005-இல் இதைச் சோதித்தார்கள். கொள்குறித் தேர்வு எழுதியவர்களுக்குப் பாடம் நன்றாக நினைவில் நின்றது. கூடவே, தாம் தேர்ந்த தவறான விடைகளைப் பின்னொரு தேர்வில் உண்மை என்று எழுதுவதும் கூடியது. பிறகு 2008-இல் ஆண்ட்ரூ பட்லரும் ரோடிகரும், தேர்வை ஒட்டிச் சரியான விடையைத் தெரிவித்துவிட்டால் அந்தத் தீங்கு குறைகிறது, நன்மை கூடுகிறது என்று காட்டினார்கள்.

ஆகவே தவறான விடையை எழுதுபவருக்கு ஒரு கடமை உண்டு. ஒவ்வொரு தவறுக்கும் பதில் சொல்ல வேண்டும். தாள் தேர்வில் இது நடைமுறைக்கு ஒத்துவராது. 2002-இல் ஆஸ்திரேலியாவின் மார்ட்டின் டூகியாமஸ் வெளியிட்டு, இன்று நம் கல்லூரிகள் பலவற்றில் இருக்கும் மூடில் மென்பொருளில், ஒவ்வொரு தெரிவுக்கும் அருகே விளக்கம் எழுத ஒரு பெட்டி இருக்கிறது. நான் பார்த்த வினா வங்கிகளில் அந்தப் பெட்டி அநேகமாகக் காலியாகவே இருந்தது. அங்கே “விடை தவறு” என்று மட்டும் எழுதாதீர்கள். “லாரி கனமானது என்பதால் விசை கூடும் என்று நினைத்திருக்கிறீர்கள். விசை இரண்டுக்கும் ஒன்றே. நிறை குறைந்த ஆட்டோவின் முடுக்கம்தான் அதிகம். சேதம் அதிகமாவது அதனால்” என்று எழுதுங்கள். நான்கு வரிதான். அந்த மாணவருக்கு அந்த நொடியில் அதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

4. விடையைக் காட்டிக்கொடுக்கும் வினாக்கள்

பாடம் தெரியாதவர் வினாவின் அமைப்பை வைத்தே விடை கண்டுபிடித்தால், வினா தோற்றது. இதன் வழிகள் நம் மாணவர்களுக்கு அத்துப்படி. நீளமான தெரிவு பெரும்பாலும் சரி. ஏனென்றால் ஆசிரியர் சரியான விடையில் மட்டும் நிபந்தனைகளைக் கவனமாகச் சேர்க்கிறார். ‘எப்போதும்’, ‘ஒருபோதும்’ என்று வந்தால் தவறு. ‘மேற்கண்ட அனைத்தும்’ என்று இருந்தால், இரண்டு சரி என்று தெரிந்தாலே போதும். இவற்றை நீக்குவது எளிது. இங்கே அதிகம் நிற்க வேண்டாம்.

நிற்க வேண்டிய இடம் வாக்கிய அமைப்பு. ஆங்கில வினா நூல்களில் பாதி வாக்கியத்தைத் தந்து, முடிவைத் தெரிவுகளில் வைப்பார்கள். தமிழில் வினை கடைசியில் வருவதால், அந்த வடிவத்தைப் பின்பற்றும்போது கோடிட்ட இடம் வாக்கியத்தின் நடுவில் போய் விழுகிறது. வேற்றுமை உருபு ஒரு தெரிவோடு மட்டும் ஒட்டி விடையைச் சொல்லிவிடுகிறது. ஆங்கிலத்தில் எழுதி அவசரமாக மொழிபெயர்த்த தாள்களில் ‘பின்வருவனவற்றுள் பொருந்தாதது அல்லாதது எது’ என்ற அளவுக்கு வாக்கியம் முறுக்கிக்கொள்கிறது. தமிழ்வழி மாணவர் வெப்ப இயக்கவியலில் தேர்வு எழுதுகிறாரா, எதிர்மறைகளை எண்ணும் தேர்வு எழுதுகிறாரா? முழுமையான ஒரு கேள்வியைக் கேளுங்கள். அமெரிக்க மருத்துவத் தேர்வு வாரியம் வினா எழுதுவோருக்குச் சொல்லும் சோதனை ஒன்றை நான் எல்லோருக்கும் பரிந்துரைக்கிறேன்: தெரிவுகளைக் கையால் மறைத்துக்கொண்டு வினாவை மட்டும் படியுங்கள். பாடம் அறிந்தவரால் அப்போதே விடை சொல்ல முடிய வேண்டும்.

5. எத்தனை தெரிவுகள்?

நான்கு என்பது வழக்கம். அதற்குமேல் காரணம் கிடையாது. 80 ஆண்டுக்கால ஆய்வுகளைத் தொகுத்து 2005-இல் மைக்கேல் ரோட்ரிகஸ் வந்தடைந்த முடிவு, பெரும்பாலான சூழல்களில் மூன்று தெரிவுகள் போதும் என்பது. நான்காவதை யாரும் தொடுவதில்லை. படிக்கும் நேரத்தை மட்டும் அது தின்கிறது. அப்படியானால் ஊகம் பலித்துவிடாதா? 20 வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் மூன்று தெரிவுகள் என்றால், கண்ணை மூடிக்கொண்டு குறிப்பவர் பாதி மதிப்பெண் பெறும் வாய்ப்பு சுமார் 9 விழுக்காடு. அதையே 40 வினாக்களாக்கினால் அது 2 விழுக்காட்டுக்கு இறங்கிவிடுகிறது. தெரிவைக் குறைத்து மிச்சப்படும் நேரத்தை வினாக்களில் செலவிடலாம்.

என் விதி இது: ஒரு கருத்தில் மாணவர்கள் மெய்யாகச் செய்யும் தவறுகள் எத்தனையோ, அத்தனை தவறான தெரிவுகள். விசைக் கருத்துத் தேர்வுக்கு ஐந்து தெரிவுகள் பொருந்துகின்றன. அங்கே நான்கு தவறுகளுக்கும் உயிர் இருக்கிறது. உங்கள் பாடத்தில் இரண்டுதான் கிடைத்தால் இரண்டோடு நிறுத்துங்கள். ஒரே தேர்வில் சில வினாக்களுக்கு மூன்று, சிலவற்றுக்கு ஐந்து என்று வைக்க மென்பொருள் தடை சொல்வதில்லை.

எதிர்மதிப்பெண் ஊகத்தைத் தடுக்கும் என்பவர்களுக்கு ஒரு கணக்கு. கேட் (GATE) தேர்வில் ஒரு மதிப்பெண் கொள்குறி வினாவுக்குத் தவறான விடை தந்தால் மூன்றில் ஒரு பங்கு கழியும். நான்கிலும் ஊகிப்பவருக்குச் சராசரி ஆதாயம் சுழியம். சரிதான். ஆனால் இரண்டு தெரிவுகள் அபத்தமானவை என்று தெரிந்து ஒதுக்கிவிட்டால், மிஞ்சிய இரண்டில் ஊகிப்பவருக்குச் சராசரியாக மூன்றில் ஒரு மதிப்பெண் கிடைக்கிறது. செத்த தெரிவுகளை வைத்துக்கொண்டு எதிர்மதிப்பெண்ணால் எதையும் தடுக்க முடியாது.

2023 குடிமைப்பணி முதல்நிலைத் தேர்வில் ‘மேற்கண்ட கூற்றுகளில் எத்தனை சரி’ என்ற வகை வினாக்கள் நிறைய வந்தன. ஒதுக்கிக் கண்டுபிடிக்கும் உத்தி அதில் செல்லாது. பல லட்சம் பேரில் சிலரைப் பொறுக்கும் தேர்வுக்கு அது உதவலாம். வகுப்பறைக்கு நான் அதை வேண்டாம் என்பேன். ‘இரண்டு’ என்று விடை தந்த மாணவர் எந்த இரண்டை நம்பினார் என்பது நமக்குத் தெரியாமலே போகிறது. அவருடைய தவறு நம் கைக்கு வராத வினா, கற்பிப்பவருக்குப் பயன்படாது.

6. தெரிந்து தவறியவரும் தெரியாமல் தவறியவரும்

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் 2020 முதல் விடைத்தாளில் ‘விடை தெரியவில்லை’ என்ற ஐந்தாவது கட்டத்தை வைத்திருக்கிறது. காலியாக விட்ட இடத்தைப் பின்னால் எவரும் நிரப்பிவிடக் கூடாது என்ற பாதுகாப்பே அங்கு நோக்கம். கல்லூரித் தேர்வில் அந்தக் கட்டத்துக்கு வேறொரு பயன் உண்டு. ஊகித்துத் தவறியவரையும் உறுதியாக நம்பித் தவறியவரையும் அது பிரிக்கத் தொடங்குகிறது. லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் டோனி கார்ட்னர்-மெட்வின் இதை இன்னும் ஒரு படி கொண்டுசென்றார். விடையோடு தம் உறுதியையும் மாணவர் 1, 2, 3 என்று குறிக்க வேண்டும். விடை சரி என்றால் அதே 1, 2, 3 மதிப்பெண். தவறு என்றால் முறையே சுழியம், மைனஸ் 2, மைனஸ் 6. மருத்துவ மாணவர்களிடம் இது பயன்பட்டது என்பதில் வியப்பில்லை. மருந்தளவில் ஐயம் வந்தால் இன்னொருவரைக் கேட்கும் மருத்துவர் ஆபத்தானவர் அல்லர். தவறான அளவை உறுதியோடு எழுதுபவரே ஆபத்தானவர். மூடிலில் இந்த முறை ஏற்கனவே உள்ளது. இறுதித் தேர்வில் வேண்டாம், மாணவர்கள் பதறுவார்கள். அகமதிப்பீட்டுக்கு முந்தைய பயிற்சித் தேர்வில் வைத்துப் பாருங்கள்.

7. தெரிவுகளே இல்லாத வினா

எண்ணை நேரடியாகத் தட்டச்சு செய்யும் வினாக்கள் கேட் தேர்வில் வழக்கமாகிவிட்டன. ஊகத்துக்கு இடமில்லை என்று அவற்றைப் பாராட்டுகிறோம். தவறான விடைகள் அங்கும் முக்கியம். 10 மீட்டர் நீளமும் 2 மில்லிமீட்டர் விட்டமும் கொண்ட தாமிரக் கம்பியின் மின்தடை என்ன? தாமிரத்தின் மின்தடை எண்ணை 1.7 × 10⁻⁸ ஓம் மீட்டர் என்று கொண்டால் விடை ஏறத்தாழ 0.054 ஓம். விட்டத்தை ஆரமாக எடுத்தவருக்கு 0.0135 வரும், சரியாக நான்கில் ஒரு பங்கு. மில்லிமீட்டரை மீட்டராக மாற்ற மறந்தவருக்கு விடை பத்தின் ஒரு பெரிய அடுக்கால் மாறிவிடும். இந்த இரண்டு எண்களையும் எதிர்பார்த்து, முன்கூட்டியே அவற்றுக்கான விளக்கத்தை எழுதி வைக்கலாம். விட்டத்தால் வழுக்கியவருக்குப் பாதி மதிப்பெண் தரலாமா என்பதையும் ஆசிரியரே முடிவு செய்யலாம். கணிதத் துறையினர் இதற்கென்றே கிறிஸ் சாங்வின் உருவாக்கிய ஸ்டாக் என்ற அமைப்பைப் பார்க்க வேண்டும். மாணவர் எழுதும் கோவையை அது இயற்கணித முறையில் ஒப்பிடுகிறது. வடிவம் வேறானாலும் சமமானவற்றை ஏற்கிறது. தொகையிடலில் மாறிலியை விட்டவரையும் அடையாளம் காண்கிறது.

8. தேர்வு முடிந்த பிறகு

பாடம் அறிந்தவரையும் அறியாதவரையும் ஒரு வினா பிரிக்கிறதா என்று பார்க்க, மதிப்பெண் வரிசையில் முதல் 27 விழுக்காட்டினரையும் கடைசி 27 விழுக்காட்டினரையும் ஒப்பிடும் முறையை ட்ரூமன் கெல்லி 1939-இல் நிறுவினார். 100 பேர் எழுதிய தேர்வில் மேல் 27 பேரில் 24 பேரும் கீழ் 27 பேரில் 9 பேரும் ஒரு வினாவைச் சரியாகச் செய்தால், வித்தியாசம் 15. 27-ஆல் வகுத்தால் 0.56. நல்ல வினா. இந்த எண் சுழியத்துக்குக் கீழே போனால், கெட்டிக்காரர்கள் தவறவும் மற்றவர்கள் தேறவும் செய்கிறார்கள்; விடைக்குறிப்பைச் சரிபாருங்கள். ஒவ்வொரு தெரிவையும் எத்தனை பேர் தொட்டார்கள் என்பதையும் பாருங்கள். இந்தக் கணக்கையெல்லாம் மென்பொருளே போட்டுத் தருகிறது. அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்க ஆள் வேண்டும்.

பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2024 நீட் இயற்பியல் வினா சான்று. அது தாள் தேர்வுதான், ஆனால் பாடம் பொதுவானது. அணுக்களின் நிலைத்தன்மை பற்றிய ஒரு கூற்று பழைய என்சிஇஆர்டி நூலில் ஒரு மாதிரியும் புதிய பதிப்பில் வேறு மாதிரியும் இருந்தது. தேர்வு முகமை இரண்டு விடைகளையும் ஏற்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. நீதிமன்றம் கேட்டுக்கொண்டபடி ஐஐடி டெல்லியின் மூன்று வல்லுநர்கள் பார்த்து ஒரே விடைதான் சரி என்றார்கள். முழு மதிப்பெண் பெற்றவர்களின் எண்ணிக்கை 61-இலிருந்து 17 ஆனது. அந்தத் தவறான தெரிவைத் தொட்டவர் அணுவைப் பற்றி என்ன நினைத்தார் என்று அது சொல்லவில்லை. எந்தப் பதிப்பைப் படித்தார் என்று மட்டுமே சொன்னது. இளம் பிள்ளைகளின் எதிர்காலத்தை அதில் கொண்டுபோய் வைத்தோம்.

இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் ஒரு நிமிடத்தில் 50 வினாக்களைத் தருகின்றன. வினா வாசகத்துக்கு அவற்றின் உதவியைப் பெறுவதில் எனக்கு மறுப்பில்லை. தவறான விடைகளை அவற்றிடம் விடாதீர்கள். உங்கள் வகுப்பில், உங்கள் மாவட்டத்துப் பள்ளியில் படித்து வந்த பிள்ளை எங்கே தடுக்கி விழுகிறார் என்பது உங்கள் கண்முன் உள்ள விடைத்தாளில் இருக்கிறது. நவம்பர், டிசம்பரில் மையங்களில் உட்கார்ந்து நாம் கட்டுக்கட்டாகத் திருத்துகிறோம். தவறைச் சுழித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போகிறோம். குறிப்பிட்ட காலம் கழிந்ததும் அந்தத் தாள்கள் கூழாகின்றன.

இந்த முறை திருத்தப் போகும்போது ஒரு சிறு நோட்டை உடன் கொண்டுபோங்கள். எந்த மாணவர் என்று எழுத வேண்டாம். எந்தத் தவறு, எத்தனை முறை என்று மட்டும் குறியுங்கள். பருவம் முடிந்ததும் ஒரு பிற்பகல் துறையினர் எல்லோரும் நோட்டுகளோடு உட்கார்ந்து, பத்து நல்ல வினாக்களை மட்டும் எழுதுங்கள். அவற்றைப் பக்கத்துக் கல்லூரிக்கும் கொடுங்கள்.